குழாயின் கீழ்முனை

சைனிக்புரி
18 ஜூன் 2023

அன்பு மகள் பூர்ணாவுக்கு,

அப்பா சௌக்கியம். முழங்காலும் சௌக்கியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்றதைப் படிக்காமல் அதைத் தேடுவாய். நீயும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸும் போர்ட் பிளேரில் வீடு பார்த்துக் குடியேறிவிட்டதாக ஃபோனில் சொன்னாய் என்று நினைக்கிறேன். ஃபோனில் நீ சொல்வது பாதிதான் விழுகிறது. காது மெஷினோடு ஃபோனை எடுத்தால் மெஷின் கீச்சென்று கத்துகிறது, கழற்றிவிட்டு எடுத்தால் நீ கத்துகிறாய். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் லாரி என்ஜின்களோடு காலம் தள்ளியவனுக்கு அரசாங்கம் கொடுத்த பென்ஷனோடு இதுவும் சேர்த்தி. ஆகவே இனிமேல் கடிதம்தான். பட்டாளத்திலிருந்து உன் அம்மாவுக்கு எழுதிய கை, இன்னும் ஓடுகிறது.

உன் நிபந்தனை எனக்கு நினைவிருக்கிறது. ஏர்போர்ட் டாக்ஸியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாயே: "டிசம்பர் வரைக்கும் மீன் தொட்டிக்கு உப்புத் தண்ணி மாத்துற வேலையைத் தனி ஆளா, கேனைத் தூக்காம செஞ்சு காட்டுங்க. முடிஞ்சா தொட்டியும் நீங்களும் இங்கேயே இருங்க. முடியலைன்னா தொட்டி கடைக்காரருக்கு, நீங்க எங்களோட." அந்தமானில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார நான் என்ன கைதியா? இந்த வீட்டை விட்டு வருவதாக இல்லை. அதனால் செய்து காட்டுகிறேன்.

முதல் ஞாயிறு ஒரு சிறு தவறு. டிரம்மில் உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீரைத் திறந்தேன். மொத்தமும் பால் மாதிரி வெளுத்துவிட்டது, எவ்வளவு சுற்றியும் தெளியவில்லை. பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: முதலில் தண்ணீர், அது சுழல ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. இனி மறக்காது. உன் ஆரஞ்சு மீன் ஜோடி, பவளம் எல்லாம் நலம்.

இப்படிக்கு உன் அப்பா,
சந்தானம்


போர்ட் பிளேர்
2 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் நலம் என்று எழுதியதில் முழங்கால் வரைக்கும் நம்புகிறேன். வங்கிக் கிளையில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள், ஊர் மாறிய மாதிரியே இல்லை. ஜன்னலைத் திறந்தால் கடல். கடலே இங்கே இருக்க, நீங்கள் சைனிக்புரியில் மூட்டை உப்பை வைத்துக்கொண்டு கடல் காய்ச்சுகிறீர்கள் என்று ஃபெலிக்ஸுக்கு ஒரே சிரிப்பு.

அப்பா, பாலாய்ப் போன தண்ணீரை என்ன செய்தீர்கள்? எழுதவில்லை. எப்படி மேலே கொண்டுபோனீர்கள்? அதையும் எழுதவில்லை. டிரம் கீழே கார் ஷெட்டில், தொட்டி மாடி ஹாலில். நாங்கள் இருந்தவரை ஃபெலிக்ஸ் மேலே, நான் கீழே. நீங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினீர்கள் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து நானே தொட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். போன வருஷம் அதே படியில் முழங்கால் பிசகி, இரண்டு மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு குரல் கொடுக்க ஆள் இல்லை. நான் ஆபீசிலிருந்து வரும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. என் பயமெல்லாம் மீனைப் பற்றி இல்லை.

உப்புத் தண்ணீரை முதல் நாளே கலந்து சுற்ற விடுங்கள். உப்பு அளக்கும் கருவியில் முப்பத்தைந்து காட்ட வேண்டும். தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பூர்ணா


சைனிக்புரி
16 ஜூலை 2023

அன்பு மகள் பூர்ணாவுக்கு,

இங்கே நலம், மழைதான் விடுவேனா என்கிறது. போனாலு திருவிழாக் கூட்டத்தில் செகந்திராபாத் பக்கம் போகவே முடியவில்லை. உப்பு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன், மறுநாள் போய் வாங்கி வந்தேன். மாப்பிள்ளை சிரித்தாரா? சிரிக்கட்டும், வந்து பார்க்கும்போது வாய் மூடிக்கொள்வார்.

கேன் வேலைக்கு முழுக்குப் போட்டாயிற்று. டிரம்முக்குள் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து பால்கனி வழியாக மேலே ஹாலுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். கீழே சுவிட்சைப் போட்டால் தண்ணீர் தானாக மாடி ஏறுகிறது. ராணுவத்தில் இதைவிடப் பெரிய வேலையெல்லாம் கயிறும் கம்பியும் வைத்துச் செய்திருக்கிறோம். சோபா காய்ந்துகொண்டிருக்கிறது, மழை நின்றால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஒரு வம்பு. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வீணாக்குவானேன், மீன் தண்ணீர் செடிக்கு உரம் என்பார்களே என்று சுவர் ஓரமாக ஊற்றிவந்தேன். நம் பக்கத்தில் செடி எதுவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த அம்மாவின் கறிவேப்பிலை இருந்திருக்கிறது. அது மொட்டையாகிவிட்டது. அந்த அம்மா வந்து கேட்டில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார். "செடிக்கு உப்புத் தண்ணி ஊத்துறீங்களே சார், கைக்கு?" என்று கேட்டார். இந்த ஊர் பாஷையில் 'எதுக்கு' என்று அர்த்தம். செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு செய்து ரிட்டையர் ஆனவராம், லாலாகூடாவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். குரல் இருக்கிறதே, நான் மெஷின் போட்டிருக்கவில்லை, ஒரு வார்த்தை விடாமல் விழுந்தது. திட்டு முழுவதையும் கேட்டு முடித்தேன்.

அப்பா


போர்ட் பிளேர்
30 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கறிவேப்பிலைக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆற்று மீன் தொட்டித் தண்ணீர்தான் உரம். இது கடல், அப்பா! கடலை ஊற்றினால் எந்தச் செடி பிழைக்கும்? இனி பழைய தண்ணீர் பாத்ரூம் ஜலதாரைக்குத்தான் போக வேண்டும். செடி வேரில் நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கழுவிப் பாருங்கள். பிழைக்காவிட்டால் புதுக் கன்று வாங்கி, நீங்களே போய் மன்னிப்புக் கேட்டு நட்டுக் கொடுங்கள். கன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவரக் கூடாது.

சோபா ஏன் காய்கிறது? அதை எழுதிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டீர்கள். நானே சொல்கிறேன். கீழே சுவிட்சைப் போட்டுவிட்டு மாடி ஏறுவதற்குள் குழாய் தொட்டியிலிருந்து எகிறி ஹாலெல்லாம் தெளித்திருக்கிறது. சரியா? அந்தப் படியில் ஓடினீர்களா?

ஒன்று முக்கியம். குழாயின் மேல்முனை தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, மேலேயே நிற்க வேண்டும். முங்கியிருக்கும்போது கரண்ட் போனால், தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே ஓடிவிடும். மீன் தரையில் கிடக்கும்.

ஃபெலிக்ஸ் உங்களை விசாரித்தார். சிரிக்கவில்லை என்று எழுதச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

பூர்ணா


சைனிக்புரி
20 ஆகஸ்ட் 2023

அன்பு மகள் பூர்ணாவுக்கு,

நலம், நலம், பரிபூரண நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

சோபாவைக் கிழக்குச் சுவர் பக்கம் மாற்றிப் போட்டேன். அங்கே காற்று நன்றாக வருகிறது, இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடிக்க வசதி. பானு மேடம் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் புதுக் கன்று மோண்டா மார்க்கெட்டில் வாங்கி நானே நட்டுக் கொடுத்தேன். துளிர்த்துவிட்டது.

தண்ணீர் மாற்றும் வேலை இப்போது கடிகாரம் மாதிரி ஓடுகிறது. படியில் ஓட வேண்டியதில்லை. சுவிட்சுக்கு ஒயர் இழுத்து மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். சனிக்கிழமை உப்புக் கலக்கிறேன், ஞாயிறு காலை கருவியில் பார்த்தால் முப்பத்தைந்தில் கோடு நிற்கிறது. பழைய தண்ணீரை பாத்ரூமுக்கு இறக்கிவிட்டு, புதுத் தண்ணீரை ஏற்றுகிறேன். கீழே டிரம் காலியாகும் சமயம் மோட்டார் காற்றை இழுத்துக் கொரகொரவென்று சத்தம் போடும். அதைக் கேட்டதும் அணைத்துவிடுகிறேன். மோட்டார் ஒரு தடவைகூடச் சூடாகவில்லை. தனி ஆள் வேலை, எழுதி வைத்துக்கொள்.

நீ அடிக்கடி பயப்படுகிறாய். பயம் நக்கோ.

அப்பா


போர்ட் பிளேர்
5 செப்டம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாசலில் காலிங் பெல் அடித்தால் உங்களுக்குக் கேட்காது. குக்கர் விசில் கேட்காமல் எத்தனை நாள் பருப்பு தீய்ந்திருக்கிறது. கீழே ஷெட்டில், டிரம்முக்குள், தண்ணீருக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார் கொரகொர என்பது மாடி ஹாலில் உங்கள் காதில் விழுகிறதா? என் காதில் பூ சுற்றாதீர்கள்.

கீழே யாரோ நிற்கிறார்கள். டிரம்மைப் பார்த்து உங்களுக்குக் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கிறது. ஜூலையில் 'அந்த அம்மா', ஆகஸ்டில் 'பானு மேடம்'. அம்மா போன பிறகு ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விடாத நீங்கள் சோபாவை மாற்றியிருக்கிறீர்கள். நாற்பது வருஷமாகச் செகந்திராபாத் பாஷை ஒட்டாத உங்கள் வாயில் 'வேண்டாம்' போய் 'நக்கோ' வருகிறது.

உதவிக்கு ஆள் வேண்டியிருக்கிறது என்றால் அதைச் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் நம் ஒப்பந்தம் தனி ஆள் என்பது. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் வருவார்? அவருக்கு ஒரு வேலை வந்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் மறுபடி படியில் ஓடுவீர்கள்.

மறைக்காமல் எழுதுங்கள்.

பூர்ணா


போர்ட் பிளேர்
8 அக்டோபர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேன், அப்புறம் எழுதறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். குரலில் வழக்கமான தெம்பு இல்லை. உடம்புக்கு ஏதாவதா? விழுந்தீர்களா? நான் கேட்டது அவ்வளவு தப்பான கேள்வியா?

எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை. கடைக்காரரிடம் பேசிவிட்டேன். தொட்டியை எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. இந்தக் கடிதத்துக்கும் பதில் வராவிட்டால் மாதக் கடைசியில் நானே வந்து உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன். மாமாவுக்கு நான் டிக்கெட் எடுக்கட்டுமா என்று ஃபெலிக்ஸ் கேட்கிறார். இரண்டு நாளாக அவரும் சிரிக்கவில்லை.

பூர்ணா


சைனிக்புரி
15 அக்டோபர் 2023

அன்பு மகள் பூர்ணாவுக்கு,

விழவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. நீ பயந்திருப்பாய் என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. இன்று எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் மீன்கள் செத்துவிடும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. கீழே பானு நிற்கிறார். ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு நான் மேலே குழாயைப் பிடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம் காலியானது தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "சந்தானம் சார், மோட்டாரை அணைச்சிடுங்க. தண்ணி தீர்ந்துபோச்சு." பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. மெஷின் மேஜை மேல் கிடந்தது. எனக்கு அப்படியே கேட்டது. அடுத்த ஞாயிறு அவராகவே வந்து டிரம் பக்கத்தில் நின்றார். வேலை முடிந்தபின் மேலே வந்து காபி குடித்தார். அதற்குத்தான் சோபா.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. நீ எனக்காகத் தொண்டை கிழியக் கத்துவாய், மாப்பிள்ளை ஜாடை காட்டுவார். எல்லாரும் என்னிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வீர்கள். சும்மா பேசுகிற பேச்சு எனக்குக் கிடைத்து வருஷக்கணக்காகிறது. பானு சும்மா பேசுகிறார். எந்த ரயில் எதற்காக லேட், எந்த ஸ்டேஷன் மாஸ்டர் யாரிடம் மாட்டிக்கொண்டார், எல்லாம் எனக்குக் கேட்கிறது. நானும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவருக்கும் என்னை. அவர் கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. உன் அம்மா படம் ஹாலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பானு வந்ததும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் சொல்லிக் கொடுத்ததல்ல.

உன்னிடம் மறைத்தேன். உதவிக்கு ஆள் இருக்கிறார் என்றால் நான் தோற்றேன், அந்தமான் கிளம்ப வேண்டும். ஆளைப் பற்றி உண்மையைச் சொன்னால் நீ என்ன நினைப்பாயோ என்று பயம். சண்டைக்குப் போனவனுக்கு உன்னிடம் பயம்.

இதை பானுவிடம் சொன்னேன். நீ கேட்டு எழுதியதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணுக்கு எழுதுங்க. எழுதுற வரைக்கும் இந்தக் குழாயை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு ஞாயிறாகத் தண்ணீர் மாற்றவில்லை. கண்ணாடியில் பாசி ஏறுகிறது. மீனுக்கு நல்ல காலம், இப்போது எழுதிவிட்டேன்.

தொட்டியைக் கொடுக்க வேண்டும் என்றால் கொடு, உன் தொட்டி. நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்.

அப்பா


போர்ட் பிளேர்
5 நவம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவுன்டரில் உட்கார்ந்து பிரித்தேன், பிரித்திருக்கக் கூடாது. மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டார். எங்கள் அப்பாவுக்குக் காது கேட்கிறது என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

பதில் எழுதப் பல நாள் எடுத்துக்கொண்டேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் மறைத்தது கோபம்தான். அம்மா படத்தைப் பற்றி எழுதிய வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா இருந்தால் இதற்குள் அந்தக் கறிவேப்பிலையில் பாதியைப் பறித்திருப்பாள்.

அப்பா, ஃபெலிக்ஸை முதன்முதலாக உங்களிடம் கூட்டிவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றுதான் தொட்டியை மாடிக்கு ஏற்றினோம். நாங்கள் இரண்டு பேரும் வியர்த்துப்போய் வந்தோம். என்ன சாதி, எந்தச் சர்ச், பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள், எதற்கு என்ன பதில் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தோம். நீங்கள் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, ஒரு முனையைக் கையில கொடுத்தா விடாம பிடிப்பியா?" அவர் "பிடிப்பேன் மாமா" என்றார். அவ்வளவுதான், வேறு எதையும் நீங்கள் கேட்கவே இல்லை. இதுநாள் வரை கேட்கவில்லை.

நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் உங்களிடம் அல்ல, உங்களுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, என்ன வேண்டுமானாலும் சொல்வீர்கள். பானு அவர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுங்கள். அவரே எழுதட்டும். பதில் வரும்வரை தொட்டியைப் பற்றி எந்த முடிவும் இல்லை.

தீபாவளிக்கு இங்கேயிருந்தே வாழ்த்துகள். பட்டாசுச் சத்தத்துக்கு மெஷினைக் கழற்றிவிடுங்கள்.

பூர்ணா


சைனிக்புரி
19 நவம்பர் 2023

அன்புள்ள பூர்ணாவுக்கு,

நானும் உங்கள் அப்பாவும் நலம். உங்களுக்கும் ஃபெலிக்ஸுக்கும் என் ஆசிகள். நான் பானு. வேலை பார்த்த காலம் முழுக்க தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் என்று மைக்கில் பேசியே போய்விட்டது, தமிழில் கடிதம் எழுதி எவ்வளவோ நாளாகிறது. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் தீபாவளி முடிந்து வந்தது. சார் அதைப் படித்துவிட்டு என் கையில் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் சுற்றினார். ஏன் என்று இப்போது சொல்கிறேன். தீபாவளியன்று நடந்ததை உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் ஹவ், சரி என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தீபாவளி இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை. பண்டிகையானாலும் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும் என்றார். பட்டாசுக்காக மெஷினைக் கழற்றியிருந்தார். தண்ணீர் மேலே போய் முடிகிற சமயம், நான் டிரம் பக்கத்தில் நிற்கிறேன், அவர் பழைய தண்ணீர் வாளியை ஊற்ற பாத்ரூமுக்குப் போயிருக்கிறார். மோட்டார் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. சரி, வரட்டும் என்று நின்றால், டிரம்மில் தண்ணீர் ஏறுகிறது. மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் மட்டும் ஏறுகிறது. நீங்கள் எழுதியிருந்தது அப்போதுதான் உறைத்தது. சார் எனக்கு உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டுவார். உப்பு தெறித்துக் கண்ணாடி வெளுக்கிறது என்று குழாய் முனையை அவர் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார். தொட்டித் தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது.

குழாயை இரண்டாக மடித்து இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்தேன். நின்றது. கையைத் தளர்த்தினால் ஓடுகிறது. மேலே போய்ச் சொல்ல வேண்டும், கையை விட்டால் மீன் போய்விடும். கூப்பிட்டேன். பூர்ணா, என் குரல் பத்தாவது பிளாட்பாரம் வரைக்கும் போகும். ஆனால் அன்று தெருவெல்லாம் சரவெடி. பாத்ரூம் கதவு வேறு சாத்தியிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு வெடி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். கையில் உணர்ச்சியே போய்விட்டது. பிறகு குனிந்து முழங்காலுக்கு நடுவில் குழாயை இடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். கடைசியில் அவர் வந்து பார்த்துக் குழாயை வெளியே இழுத்தார். மேலிருந்து எட்டிப் பார்த்து, "பானு, விட்டுடு, எடுத்துட்டேன்" என்று சொன்னார். முதல் தடவையாக மேடம் போடாமல். நான் உடனே விடவில்லை. நிஜமாகவே எடுத்துவிட்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டுமே. அவர் கீழே இறங்கி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர். என்னிடம் பட்டாசுப் புகை என்று சொன்னார்.

மீன்கள் பிழைத்தன. பவளம் ஒரு நாள் சுருங்கிக் கிடந்து மறுபடி விரிந்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு, பிடிப்பேன் என்று நான் எழுதலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் அப்படி எழுதுவார்கள். நடந்ததை எழுதிவிட்டேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பானு


போர்ட் பிளேர்
3 டிசம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கும் பானு ஆன்ட்டிக்கும்,

நாங்கள் இருவரும் நலம். ஆன்ட்டியின் கை எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடுங்கள். வீட்டில் உப்புக்கா பஞ்சம்.

அப்பா, முனையை முக்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். வந்ததும் அதற்குத் தனியாகத் திட்டு உண்டு. மெஷினைக் கழற்றச் சொல்லி நானும்தான் எழுதினேன், கடிதம் பிந்தி வந்தாலும் பாதித் திட்டு எனக்கு.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறோம். உங்களை அழைத்துக்கொண்டு போக அல்ல. உங்கள் இருவருக்கும் எப்போது தோதுப்படும் என்று பேசி, கல்யாணப் பதிவு ஆபீசுக்குப் போய்வர. ஃபெலிக்ஸ் புது வேட்டி எடுத்து வைத்திருக்கிறார். கடைக்காரரிடம் தொட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன். சோபா கிழக்குச் சுவர் பக்கமே இருக்கட்டும், இன்னும் இரண்டு நாற்காலி மட்டும் போடுங்கள்.

இதோடு ஒரு சின்னப் பார்சல் வருகிறது. அதில் இருப்பது ஒருவழி வால்வு. தண்ணீர் மேலே போகும், கீழே திரும்பாது. கரண்ட் போனாலும் பயமில்லை. கூடவே டிரம் காலியானால் மோட்டாரைத் தானே அணைக்கிற சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பொருத்திவிட்டால் மேலிருந்தே ஒரு ஆள் எல்லாவற்றையும் செய்யலாம், கீழே யாரும் நிற்க வேண்டியதில்லை என்று ஃபெலிக்ஸ் சொன்னார்.

வால்வைப் பொருத்திவிடுங்கள் அப்பா. ஆன்ட்டி கீழேயே நிற்கட்டும்.

உங்கள்
பூர்ணா